இடையளவு

ஆயிரத்து நானூற்று முப்பத்தைந்து மில்லிமீட்டர்.
ஒரு தண்டவாளத்துக்கும் மறு தண்டவாளத்துக்கும் நடுவே
அவ்வளவுதான் இருக்கலாம்.
கடைசி ரயில் போனபின், முதல் ரயில் வருமுன்
சுரங்கத்தில் குனிந்து குனிந்து
பதினேழு வருடமாய் அளக்கிறேன்.
கூடினாலும் தப்பு. குறைந்தாலும் தப்பு.

இதை ஏன் மிஸ் ஹோவிடம் சொன்னேனோ தெரியவில்லை.
அவர் கேட்டது வேறு:
மூன்று வாரமாய் உங்கள் நாற்காலியை மட்டும்
ஏன் கதவோரம் இழுத்துப் போட்டுக்கொள்கிறீர்கள்?

பாலஸ்தியர் சாலை. கீழே விளக்குக் கடைகள்.
பட்டப்பகலில் நூறு சரவிளக்கு எரியும், வாங்க ஆளில்லாமல்.
மாடியில் நாங்கள் மூவர்,
ஒரு டிஷ்யூப் பெட்டி,
யாரும் உட்காராத இன்னொரு நாற்காலி.
எனக்கோ அது தூங்கும் நேரம்.
மணிக்கு இத்தனை வெள்ளி என்று
மனசு ஒரு பக்கம் கணக்குப் போட்டது.

பழுதான கைப்பேசியைக் கடையில் கொடுப்பதுபோல
மகளை விட்டுவிட்டுப் போகத்தான் முதல்நாள் வந்தேன்.
"அவளை மட்டும் பார்ப்பதில்லை," என்றார் மிஸ் ஹோ.
"உங்களுக்கு நடுவில் இருப்பதைப் பார்ப்பேன்."
நடுவில் என்ன இருக்கிறது?
ஒரு காப்பி மேசை.

பத்தொன்பது நாள் பள்ளிக்கூடம் போகவில்லை தர்ஷாயினி.
தினமும் சீருடை, தினமும் இரட்டைப் பின்னல்,
மின்தூக்கியில் கீழே போகாமல் மேலே போயிருக்கிறாள்.
பதினோராம் மாடிப் படிக்கட்டில்
ரொட்டியைப் பிய்த்துத் தின்றபடி
ஒன்றரை மணிவரை.
பத்தாம் மாடியில் நான்,
ஜன்னலில் கறுப்புத் துணி, காதில் பஞ்சு.
ரேணுகா வேலைக்குப் போயிருப்பாள்.

"நூலகம் இருக்கிறது, கடைத்தொகுதி இருக்கிறது.
ஏன் படிக்கட்டு?"
தரை விரிப்பைப் பார்த்துப் பதில் சொன்னாள்,
ஆங்கிலத்தில், மிஸ் ஹோவிடம்:
அங்கிருந்தால் அவர் இருமுவது கேட்கும்.

அவர்.
ஏழு மாதமாய் என் பெயர் அதுதான்.

உங்களுக்கு இப்போது என்ன தோன்றுகிறது என்றார் மிஸ் ஹோ.
என் ஆங்கிலம் டிப்போவில் புழங்கும் ஆங்கிலம்,
நட்டுக்கும் போல்ட்டுக்கும் போதும்.
தேடிப் பார்த்துவிட்டுத் தமிழிலேயே சொன்னேன்:
மனத்தாங்கல்.

"மன... தாங்...?"
அவர் நாக்கில் அது வழுக்கியது.
மகளைப் பார்த்தார், நீ சொல்லேன் என்பதுபோல.
கோபம், என்று ஆரம்பித்தாள். இல்லை, என்றாள் தானே.
வருத்தம். அதுவும் இல்லை.
பின்னல் நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.
சட்டென்று என் பக்கம் திரும்பி,

"தாங்கல்னா என்னப்பா? மனசு தாங்குறதா,
தாங்க முடியாததா?"

மிஸ் ஹோவின் பேனா நின்றுவிட்டது.
கீழே யாரோ ஒரு விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தார்கள்.
பிறந்ததிலிருந்து பேசும் மொழி.
இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை.
"தெரியலம்மா," என்றேன்.
ரேணுகா சிரித்துவிட்டாள், மூக்கைத் துடைத்துக்கொண்டே.
நேரம் முடிந்தது. அடுத்த வியாழன், அதே மணி.

வெள்ளிக்கிழமை நண்பகல் தூக்கத்தில்
சமையலறையில் கரண்டி விழும் சத்தம்.
உடனே வீடு மூச்சை நிறுத்தியது.
கத்துவேனா என்று அங்கே ஒருத்தி காத்து நிற்கிறாள்.
ஆறு வயதில் என் அறைக் கதவில்
'அப்பா தூங்குறாங்க' என்று கிரேயானில் எழுதி ஒட்டியவள்.

காதுப் பஞ்சை எடுத்தேன்.
இருமல் வரவில்லை.
இருந்தும் இருமினேன்,
கேட்கட்டும் என்று.